காணாத நாட்டை எழுதிய மூவர்

ஆண்டுகளை நாம் பெரும்பாலும் அரசரைக் கொண்டும் போரைக் கொண்டுமே நினைவு கூர்கின்றோம். 1619 என்றால் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானது நினைவுக்கு வருகின்றது. 1658 என்றால் ஒல்லாந்தர் நம் கோட்டையைக் கைப்பற்றியதும், 1795 என்றால் ஆங்கிலேயர் அதனுட் புகுந்ததும் நினைவுக்கு வருகின்றன. மாணாக்கரும் பரீட்சைக்கு இவற்றையே மனனஞ் செய்கின்றனர். நூல்களைக் கொண்டு ஓராண்டை நினைவு கூர்தல் நம்மிடையே அத்துணை வழக்கமன்று. இன்றைய பேச்சிலே அவ்வாறு ஓராண்டை எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன். அந்த ஆண்டு 1726.

அவ்வாண்டில் ஐரோப்பியர் மூவர் இயற்றிய மூன்று நூல்கள் உலகிற்கு வந்தன. ஒன்று இலண்டன் மாநகரில் ஆங்கிலத்தில் அச்சேறியது. மற்றொன்று ஒல்லாந்து தேசத்தில் ஒல்லாந்த மொழியில் அச்சேறியது. மூன்றாவது அச்சேறவில்லை, அது பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதப்பட்டது, அதன் மொழி நம் தமிழ். இம்மூவரும் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். ஆயினும் மூவர்க்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூவருமே தாம் கண்ணாற் காணாத நாட்டைப் பற்றி எழுதினர். அந்த மூன்று நூல்களையும் யாழ்ப்பாணத்து மண்ணில் நின்றுகொண்டு நோக்கினால் நமக்கு என்ன தோன்றும் என்பதே இன்றைய பொருள்.

முதலில், அவ்வாண்டில் நம் குடாநாடு இருந்த நிலையைச் சிறிது நோக்குவோம்.

1726இல் ஒல்லாந்தர் ஆட்சி யாழ்ப்பாணத்தில் நிலைபெற்று அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆண்டது ஓர் அரசன் அல்லன். ஒரு வணிகக் கம்பனி. யானை, புகையிலை, சங்கு, சாயவேர், பனைமரம் என்பன அதன் கணக்கேடுகளில் ஏறின. நிலமும் குடியும் தோம்பு என்னும் பதிவேடுகளில் ஏறின. கோயிற்பற்றுதோறும் பாடசாலை இருந்தது. பிறப்பும் விவாகமும் அங்கே பதியப்பட்டன. பதிவு இல்லாதவர்க்கு உரிமை நிலைநாட்டுதல் அரிது. உத்தியோகம் பெறுதல் அதனினும் அரிது. ஆகவே மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்திற்குச் சென்று, வீட்டிலே மறைவாகத் திருநீறு அணிந்தனர். விரத நாளில் உண்ட இலையைப் பிறர் காணாதவாறு கூரையிற் செருகி மறைத்தனர் என்னும் கர்ணபரம்பரைக் கதையை நம் முதியோர் இன்றும் சொல்வர். கத்தோலிக்கர் நிலையும் இதனினும் மேலானதன்று. அவர்தம் குருமாருக்குப் புகலிடம் கொடுப்போர்க்கு மரணதண்டனை என்று 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்திருந்தது. அதே 1726இல் இலங்கைத் தேசாதிபதியாகப் பதவியேற்ற பெற்றூஸ் வொய்ஸ்ற் என்பவன் செய்த கொடுமைகளைக் கம்பனியே பொறுக்கமாட்டாது, மூன்றாண்டுகளில் அவனை நீக்கி, பத்தாவியா நகரில் விசாரணை செய்து, 1732இல் மரணதண்டனை விதித்து நிறைவேற்றியது. அத்தகைய ஆட்சி தொடங்கிய ஆண்டே நாம் எடுத்துக்கொண்ட ஆண்டு.

இனி, முதல் நூலுக்கு வருவோம். 1726ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 28ஆந் தேதி, இலண்டனிலே பெஞ்சமின் மொற் என்னும் பதிப்பாளர் ஒரு யாத்திரை நூலை வெளியிட்டார். முகப்பிலே ஆசிரியர் பெயர் லெமுவேல் கலிவர் என்றிருந்தது. பல கப்பல்களில் வைத்தியராகவும் பின் தலைவராகவும் சென்றவர் என்று அவர் தம்மைக் கூறிக்கொண்டார். உண்மையில் அப்படி ஒருவர் இருந்ததில்லை. எழுதியவர் ஜொனதன் சுவிப்ற். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் புனித பத்திரிக்கு பேராலயத்தின் முதல்வராயிருந்தவர் அவர். அப்போது அவருக்கு வயது 58. அரசாங்கத்தின் சினத்திற்கு அஞ்சிக் கையெழுத்துப் பிரதியை இரவு நேரத்தில் ஒரு வண்டியிலிருந்து பதிப்பாளர் வீட்டிற் சேர்ப்பித்தனர் என்பர். அச்சிட்ட பிரதிகள் யாவும் ஒரு வாரத்தில் விற்றுத் தீர்ந்தன.

இந்நூலை நம் பிள்ளைகள் அறிவர். குள்ளர் நாட்டில் நூலிழைகளாற் கட்டுண்டு கிடக்கும் கலிவரின் படத்தைக் காணாத மாணாக்கன் அரியன். ஆனால் நாம் பள்ளியில் அவர்களுக்குக் கொடுப்பது சுருக்கிய நூல்; நான்கு பாகங்களில் முதலிரண்டு பாகங்களே. மூன்றாம் பாகத்தைத் திறந்தால் நம் நாட்டவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. கதையின்படி கலிவர் 1707ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையை வந்தடைகின்றார். மூன்று வாரம் அங்கே தங்குகின்றார். தமிழ்நாட்டுக் கரையில் இறங்கிய அவர் தமிழரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாலுமிகள் இளைப்பாறினர் என்று மட்டும் கூறிவிட்டு, பறக்கும் தீவையும் சாவாத மாந்தரையும் காணச் சென்றுவிடுகின்றார். குள்ளர் நாட்டையும் சுவிப்ற் நம் கடலிலேதான் வைத்தார். நூலுடன் வெளிவந்த வரைபடத்தில் அது சுமாத்திராவுக்குத் தெற்கே வரையப்பட்டிருந்தது. நம் மூதாதையர் தோணியோட்டிய மாகடலில், ஆங்கில வாசகர்க்கு இல்லாத நாடொன்றை வரைவது அத்துணை எளிதாயிருந்தது.

சுவிப்ற் பிரித்தானிய, அயர்லாந்துத் தீவுகளுக்கு அப்பால் ஒருகாலும் சென்றவரல்லர். ஆனால் பிறர் ஆளும் நாட்டில் வாழ்தல் எத்தகையது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். 1724இல் அயர்லாந்து மக்கள்மேற் சுமத்தப்பட்ட செப்புக்காசுத் திட்டத்தை எதிர்த்து, துணி வணிகன் ஒருவன் எழுதியவை போன்ற கடிதங்களை எழுதி, அத்திட்டத்தையே கைவிடச் செய்தவர் அவர். ஆகவேதான் கலிவர் நூலின் இறுதி அதிகாரத்தில், தாம் கண்ட நாடுகளைத் தம் அரசனுக்கு ஏன் உரிமையாக்கவில்லை என்று கலிவர் விளக்குமிடம் நகைச்சுவை நீங்கிக் கனல்கின்றது. கடற்கொள்ளைக்காரர் ஒரு கூட்டம் கரையேறி, உபசரித்த மக்களைக் கொன்று, அந்நாட்டிற்குப் புதுப்பெயர் சூட்டி, ஒரு கல்லையோ பலகையையோ நட்டுவிட்டு, அதனை நாகரிகம் பரப்புதல் என்று சொல்லிக்கொள்வதை அங்கே அவர் காட்டுகின்றார். யாழ்ப்பாணத்தில் இருந்து அதனை வாசிப்பவர்க்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

ஒல்லாந்தரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் பாகத்தின் முடிவிற் கலிவர் தம்மை ஒல்லாந்தன் என்று பொய் கூறி யப்பான் தேசத்திற் புகுகின்றார். அந்நாட்டு வாணிகத்தின்பொருட்டு ஒல்லாந்தர் சிலுவைச் சின்னத்தைக் காலால் மிதிக்கவும் பின்னிற்பதில்லை என்று அக்காலத்து ஐரோப்பாவிற் பேசப்பட்டது. கலிவர் தமக்கு அச்சடங்கினின்று விலக்கு வேண்டுமென்று கேட்கின்றார். இவ்வாறு தயங்கும் ஒல்லாந்தனைத் தாம் கண்டதேயில்லை என்று அரசன் ஐயுறுகின்றான். எண்ணிப் பாருங்கள், நேயர்களே! யப்பானில் இலாபத்திற்காகத் தன் சமயச் சின்னத்தையே மிதிப்பதாகப் பேசப்பட்ட கம்பனி, யாழ்ப்பாணத்திலே நம்மவரைத் தன் சமயத்திற்கு வருமாறு பதிவேட்டைக் காட்டி நெருக்கியது. சுவிப்ற் யாழ்ப்பாணத்தை அறியார். ஆனால் கம்பனியை அறிந்திருந்தார்.

கலிவர் யப்பானிலிருந்து திரும்பும் கப்பலின் பெயர் அம்பொயினா. இப்பெயரை ஆங்கில வாசகர் கேட்டவுடன் முகஞ்சுளிப்பர். 1623இல் அம்பொயினாத் தீவிலே ஒல்லாந்தர் ஆங்கிலேயர் பதின்மரைச் சித்திரவதை செய்து கொன்ற நிகழ்ச்சி நூறாண்டு கழிந்தும் அவர்களுக்கு மறக்கவில்லை. இந்த அம்பொயினாவே நம்மை இரண்டாவது நூலுக்கு அழைத்துச் செல்கின்றது.

அம்பொயினாவிலே பல்லாண்டுகள் ஒல்லாந்தச் சபையின் போதகராக வாழ்ந்தவர் பிரான்சுவா வலன்டைன். 1666இல் ஒல்லாந்தின் டோர்ட்றெக்ற் நகரிற் பிறந்தவர். இருமுறை கீழ்த்திசைக்கு வந்து சென்றவர். முதுமையில் ஊர் திரும்பி, ‘பழைய புதிய கிழக்கிந்தியா’ என்னும் பெயருடன் ஐந்து பாகங்கள் கொண்ட பெருநூலை எழுதினார். 1724 முதல் 1726 வரை அது டோர்ட்றெக்ற், அம்ஸ்ரடாம் நகரங்களில் வெளிவந்தது. இலங்கையைப் பற்றிய பகுதி ஐந்தாம் பாகத்தில் அமைந்து, 1726இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் ஆசிரியர் மறைந்தார்.

வலன்டைன் இலங்கையிற் பணிபுரிந்தவரல்லர். அம்பொயினாவும் சாவகமுமே அவர் வாழ்ந்து பழகிய இடங்கள். இலங்கையைப் பற்றி அவர் எழுதியவை கம்பனியின் கடிதங்கள், அறிக்கைகள், முன்னோர் நூல்கள் என்பவற்றிலிருந்து திரட்டியவை. அம்முன்னோருள் ஒருவர் 1658 முதல் யாழ்ப்பாணத்திற் போதகராயிருந்து, 1672இல் தமிழ் எழுத்துகளின் படத்துடன் நூல் வெளியிட்ட பால்தேயஸ் ஆவார். எனினும் வலன்டைனின் உழைப்பை இகழ்தல் தகாது. கம்பனி மறைத்து வைத்திருந்த எத்தனையோ பத்திரங்கள் அவர் நூலின் வாயிலாகவே வெளியுலகிற்கு வந்தன. ஊர்கள், துறைகள், கோட்டைகள், பண்டங்கள், ஆட்சியாளர் வரிசை என அவர் அடுக்கித் தந்தவை இன்றும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகின்றன. ஆனால் அந்நூலில் நம் மக்களின் குரல் எங்கே என்று தேடினால் அரிதாகவே கிடைக்கும். அவர் நோக்கிய சாளரம் கம்பனியின் பண்டகசாலைச் சாளரம். அதன் வழியாகத் தெரிந்தவை சரக்கும் கணக்கும், ஆள்வோரும் ஆளப்படுவோருமே.

இவ்விடத்திலே ஒரு சிறு செய்தியைச் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லம் ஆயிற்று. சுவிப்ற் இல்லாத தீவுகளுக்குப் பெயரிட்டு வரைபடத்தில் ஏற்றினார். கம்பனி, பெயருள்ள தீவுகளுக்கு வேறு பெயரிட்டு வரைபடத்தில் ஏற்றியது. ஐரோப்பாவில் வீட்டிலிருந்து வாசித்த ஒருவருக்கு, லில்லிபுற் என்னும் தீவும் அம்ஸ்ரடாம் என்னும் நம் காரைதீவும் ஒரே தன்மையனவாகவே தோன்றியிருக்கும். மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின் அப்பெயர்களுள் டெல்ப்ற் ஒன்றுதான் இன்றும் வழங்குகின்றது. ஏனையவற்றைக் கடற்காற்றும் மக்கள் நாவும் அழித்துவிட்டன.

மூன்றாவது நூல் தேம்பாவணி. அதனை இயற்றியவர் இத்தாலிய தேசத்துக் கஸ்தில்யோனே என்னும் ஊரில் 1680இற் பிறந்த கொன்ஸ்தன்சோ பெஸ்கி. நாம் அறிந்த பெயர் வீரமாமுனிவர். 1710இற் கோவாவில் இறங்கித் தமிழகம் சேர்ந்த அவர், அரியலூரைச் சார்ந்த ஏலாக்குறிச்சியிற் கோயில் அமைத்து, அவ்வூரைத் திருக்காவலூர் என வழங்கினார். தமிழிலே எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் எழுத்தில் வேறுபாடு செய்து தந்தவர் என்று அவரைப் போற்றுகின்றோம். தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் அவர் தந்த கொடைகள். 1726இல் நிறைவெய்திய தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட காப்பியம். யேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரே அதன் தலைவர். அவருக்கு முனிவர் இட்ட பெயர் வளன்.

இந்நூலின் களம் யூதேய நாடு. வீரமாமுனிவர் அந்நாட்டைக் கண்டவரல்லர். அவரும் காணாத நாட்டையே பாடினார். ஆனால் எவ்வாறு பாடினார்? நாட்டுப் படலம், நகரப் படலம் எனத் தமிழ்க் காப்பிய மரபு முழுவதையும் எடுத்துக்கொண்டு பாடினார். பாலைநிலம் சூழ்ந்த யூதேயாவிலே நெல் விளைகின்றது, தாமரை பூக்கின்றது, வயலில் நீர் பாய்கின்றது. ஸ்நாபக அருளப்பர் கருணையன் என்னும் தமிழ்ப்பெயர் பெறுகின்றார். வரலாற்றாசிரியன் இதனைப் பிழை எனலாம். ஆயினும் ஒரு தமிழ்ப் பாட்டன் ஒருபோதும் காணாத நாட்டைத் தன் வயல்வரம்பில் நின்று காணுமாறு செய்வதே முனிவரின் கருத்து. பிறர் மொழியைக் கற்றுக்கொண்டு, அம்மொழியாரின் கண்களாலேயே உலகை நோக்க முயன்றவர் அவர். அதனாலேயே தமிழர் அவரை அந்நியர் என்று ஒதுக்கவில்லை. சமயத்தால் மாறுபட்டவரும் தேம்பாவணியைத் தமிழ்க் காப்பியமென்றே ஓதினர்.

ஆக, மூவரும் காணாத நாட்டை எழுதினர் என்றேன். சுவிப்ற் இல்லாத நாட்டைக் காட்டித் தம் நாட்டாரின் குற்றத்தை அவர்க்கு உணர்த்தினார். வலன்டைன் இருக்கும் நாட்டைக் கடதாசிகளினூடாகக் கண்டு, தம் நாட்டாரின் அறிவிற்கும் கம்பனியின் புகழிற்குமாக எழுதினார். வீரமாமுனிவர் தொலைநாட்டைத் தமிழாக்கித் தமிழர்க்கே கொடுத்தார். மூன்றும் பெருமுயற்சிகளே.

இனி நம்மை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. காணாத நாட்டை அவர்கள் எழுதினார்கள். கண்ட நாட்டை நாம் எழுதினோமா?

எழுதினோம். சுன்னாகத்து வரதபண்டிதர் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்து, சிவராத்திரி புராணமும் ஏகாதசிப் புராணமும் பாடினார். ஆட்சி வெளிப்படையாகச் சைவத்திற்கு இடங்கொடாத காலத்தில், விரதங்களின் பெருமையைச் சொல்லும் அந்நூல்கள் வீடுகளிலே ஓதப்பட்டன என்பதை எண்ணும்போது அவற்றின் அருமை விளங்கும். காஞ்சிபுரத்திலிருந்து இங்கு வந்து வாழ்ந்த சைவத்துறவியாகிய கூழங்கைத் தம்பிரான், ஒல்லாந்தச் சபைப் போதகரான பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழறிஞர்பாற் கொண்ட நட்பின்பொருட்டு யோசேப்புப் புராணம் பாடினார் என்பர். சமயம் பதிவேட்டில் அகப்பட்டுக் கிடந்த காலத்திலும் தமிழ் இருவரை நண்பராக்கியது.

வரலாற்று உரைநடையும் இருந்தது. ஆனால் அது பிறந்த வகை கவனிக்கத்தக்கது. தேசாதிபதி சிமோன்ஸ் ஆணைப்படி, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டி, 1707ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒப்படைத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, நம்மவராகிய பன்னிரு முதலியார்களால் ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதுவே தேசவழமை. கலிவர் தம் கற்பனையிற் சென்னைக் கரையில் இறங்கிய அதே ஆண்டில், நம் தாய்வழிச் சீதனமும் தந்தைவழி முதுசமும் மெய்யாகவே ஏட்டில் ஏறின. இன்றும் வட மாகாணத்தில் அது சட்டமாக நிற்கின்றது. அவ்வாறே, தேம்பாவணிக்குப் பத்தாண்டுகள் பின்னர், 1736இல், ஒல்லாந்தத் தலைவனாகிய மேக்கறூன் கேட்டுக்கொண்டபடி மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதினார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்னும் முன்னூல்களைத் துணைக்கொண்டு நம் அரசர் கதையை அவர் தொகுத்தார். நம் வழக்கத்தையும் நம் வரலாற்றையும் எழுதுமாறு நம்மைத் தூண்டியவர் நம்மை ஆண்ட பிறநாட்டவரே. இதில் நாணவும் இடமுண்டு. நன்றி கூறவும் இடமுண்டு. கேட்டவர் அவராயினும் விடை கூறியவர் நம்மவர் என்பதை மறத்தலாகாது.

ஆயினும் ஏடும் அச்சும் வேறு. கலிவர் ஒரு வாரத்தில் விற்றுத்தீர, தேம்பாவணி நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து, 1850களிலேதான் புதுச்சேரியில் அச்சேறியது. தமிழ் அச்சுக்கூடம் அக்காலத்தில் இல்லாமலில்லை. தரங்கம்பாடியில் தேனிய அரசின் ஆதரவிலிருந்த கூடம், 1726இலே தமிழ் வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டை அச்சிட்டுக்கொண்டிருந்தது. கொழும்பிலே ஒல்லாந்தர் அச்சுக்கூடத்தின் முதல்நூல் 1737இல் வெளிவந்தது. ஆனால் அவை யாவும் ஆள்வோர் கையிலும் சபையார் கையிலும் இருந்தன. வரதபண்டிதருக்கோ மயில்வாகனப் புலவருக்கோ அவை திறக்கவில்லை. யாழ்ப்பாணத்தவர் தம் கையால் தமக்கென அச்சிடுதற்கு, 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அச்சேறிய நூலுக்கு ஆயிரம் உயிர். ஒரு பிரதி எரிந்தால் மற்றொன்று இருக்கும். ஏட்டுக்கு ஒன்றோ இரண்டோ உயிர். 1981ஆம் ஆண்டு யூன் முதலாந் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் அச்சுநூல்கள் பலவற்றுக்கு வேறிடத்திற் பிரதி கிடைத்தது. எரிந்த ஏடுகளுக்கு அவ்வாறு கிடைக்குமா?

நேயர்களே, பிறர்மேற் பழிபோட்டு என் பேச்சை முடிக்க எனக்கு விருப்பமில்லை. என் பிழை ஒன்றையும் கூறிவிடுகின்றேன். எங்கள் பழைய வீட்டின் அடுப்பங்கரைப் பரணிலே, புகைபடிந்த ஏட்டுக்கட்டு ஒன்று செம்பட்டுத் துணியிற் சுற்றப்பட்டு இருந்தது. பாட்டியார் ஆண்டுக்கொருமுறை, சரசுவதி பூசையன்று, அதனை இறக்கித் தூசு தட்டி, மஞ்சள் தடவி, பூ வைத்து, மறுபடியும் ஏற்றிவைப்பார். அதில் என்ன இருக்கின்றதென்று கேட்டால், “உன்ரை பூட்டன் எழுதினது, மேனை” என்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றேன். சுவிப்றை ஆங்கிலத்திற் படித்தேன். அந்த ஏட்டின் ஒரு வரியைப் படிக்க முயலவில்லை. புள்ளியில்லாத பழைய எழுத்து. பின்னர் ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், ஊர் முழுவதும் மழையில் நனைந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, நானும் கடந்தேன். சைக்கிளிலே அரிசியும், தாயாரின் மருந்தும், என் சான்றிதழ்களும் இருந்தன. ஏடு பரணிலே இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரை இல்லை, பரணும் இல்லை. சுவரோரத்திற் கறையான் புற்று ஒன்று எழுந்திருந்தது. அந்த ஏடு வைத்தியமோ, சோதிடமோ, காணிக் கணக்கோ, ஒரு பாட்டோ, நான் அறியேன். என் பூட்டனார் கண்ட நாட்டைப் பற்றி எழுதியது எதுவாயிருப்பினும், அது எனக்கும் என் மாணாக்கர்க்கும் இனி இல்லை.

ஆனால் அதே ஊரைப் பற்றி வலன்டைன் என்னும் அந்நியர் 1726இல் எழுதியது இருக்கின்றது. ஒல்லாந்திலும் கொழும்பிலும் கம்பனியின் பத்திரங்கள் குளிர்ந்த அறைகளில் எண்ணிட்டுப் பேணப்படுகின்றன. வலன்டைனின் இலங்கைப் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, குறிப்புரையுடன் 1978இல் இலண்டன் ஹக்லூயிற் கழகத்தின் வாயிலாக வெளியிட்டவர் நம் தமிழ் வரலாற்றுப் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம். நம்மைக் காணாது எழுதியவரின் நூலை, இருநூற்றைம்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் நம்மவர் ஒருவர் எடுத்து, எது மெய், எது கேள்வி என்று பிரித்துக் காட்டினார். பிறர் எழுதியதைத் திட்டித் தீர்ப்பதனினும் இது மேலான விடையன்றோ?

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. இந்தப் பேச்சைக் கேட்கும் வீடுகளிலே, பரணிலோ பெட்டியிலோ, ஓர் ஏட்டுக்கட்டோ, பாட்டனாரின் கணக்குப் புத்தகமோ, பழைய உறுதியோ, கடிதக்கட்டோ இருந்தால், பூசை செய்து மீண்டும் ஏற்றிவைத்துவிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவரை அழைத்துப் படியுங்கள். படிக்க இயலாவிடின் படமெடுத்து வையுங்கள். இன்று அதற்கு அச்சுக்கூடமும் வேண்டா. பாடசாலைப் பிள்ளையின் கைத்தொலைபேசியே போதும். 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவிற் சேர்த்து வைக்கும் நூலகம் என்னும் அமைப்புப் போன்றவை அவற்றை ஏற்றுக்கொள்ளும். முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். காரைதீவை அம்ஸ்ரடாம் என்று எழுதியவர்கள் அதனைக் கருத்தோடு பேணினார்கள். காரைதீவு என்று எழுதியவர்களின் ஏட்டை நாம் பேணாவிடின், நம் பேரப்பிள்ளைகள் தம் ஊரைத் தேடும்போது வலன்டைனின் வரைபடமே அவர்கட்குக் கிடைக்கும். லில்லிபுற்றைத் தேடுபவன் நிலையும் அவர்கள் நிலையும் அன்று வேறாயிரா.